இரண்டா, ஐந்தா, எட்டா

என் இளைய மகனின் கல்யாண வீடியோ என் வீட்டு டிவியில் ஓடவில்லை. தேனாம்பேட்டையில், மருமகளைப் பெற்ற சம்பந்தியம்மா வீட்டுப் பெரிய டிவியில் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியதாம். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டில் என் வீட்டில் மட்டும், நாதஸ்வரக்காரர் குழலை வாயில் வைத்தவர் வைத்தபடியே நின்றுவிட்டார். சத்தம் முன்னால் போனது. ஆட்கள் பின்னால் விட்டு விட்டு வந்தார்கள்.

மகன் அதைப் பார்த்துவிட்டு, "டிவி பழசாயிடுச்சும்மா, வேற வாங்கிடலாம்" என்றான்.

"டிவிக்கு இன்னாடா கொறை? சீரியல் பாக்குறேன், நியூஸு பாக்குறேன், எதுனா நின்னுச்சா? உன் கல்யாணம்தான் நிக்குது."

அந்த டிவி நான் அடையாறில் இஸ்திரி போட்டுச் சம்பாதித்து வாங்கியது. என் தேய்ப்பில் சுருக்கம் இருக்கிறது என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. நான் வாங்கிய பொருளில் குறை இருக்கிறது என்று பெற்ற பிள்ளை சொன்னால் மட்டும் கேட்டுக்கொள்வேனா?

சும்மா படம் பார்க்கிற சங்கதியாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஆனால் அதற்கு முன்பே ஒரு பேச்சு வந்திருந்தது. சம்பந்தியம்மா வீட்டு விருந்தில், அத்தனை உறவுக்காரர்கள் இலையில் உட்கார்ந்திருந்தபோது, எனக்கு வடை வைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "எங்க சம்பந்தியம்மாவுக்கு வடைன்னா உசுரு. புள்ளை தாலி கட்டிக்கினு இருக்கான், இவங்க வடை சாப்ட்டுக்கினு இருந்தாங்க."

பந்தி முழுக்கச் சிரித்தது.

"நான் மேடையில நின்னேன். புள்ளைக்கு நேர் பின்னாடி" என்றேன்.

"அப்டீங்களா? சரி, சாப்டுங்க."

அந்த 'சரி'தான் எனக்கு ஆறவில்லை. மைலாப்பூர் மண்டபத்தில் விடியற்காலையிலிருந்து ஓடியாடியவள் நான். அட்சதைத் தட்டு எங்கே, மாலை எங்கே என்று எல்லாரும் என்னைத்தான் கேட்டார்கள். தாலி கட்டும் நேரத்தில் நான் மேடையில் இல்லை என்று நாளைக்கு நாலு பேர் சொல்லலாமா? உடனே சொல்லிவிட்டேன்: "வர்ற ஞாயித்துக்கெழமை எல்லாரும் எங்க வூட்டுக்கு வாங்க. என் டிவியில போட்டே காட்றேன்."

சொன்ன வாய் சொல்லிவிட்டது. டிவியில் படம்தான் நின்றுவிட்டது.

மகன் யாரிடமோ விசாரித்து, தி.நகரில் ஒரு கடை சொன்னான். பாவாடைத் துணிக்கடைக்கு மேலே, ஒரு ஆள் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே ஒரு பாய், கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிறவர், இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். தாடியில் பாதி நரை.

"வா ஆயா, இன்னா வேணும்?"

"ஆயான்னா கீழே பாவாடைக் கடையில யார்னா நிப்பாங்க, கூப்டுங்க. நான் வீடியோவுக்கு வந்துகீறேன்."

அவர் எழுந்து நாற்காலியைத் துடைத்தார். "உக்காருங்க பெரீம்மா."

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை இல்லை. கல்யாண வீடியோ இருந்த பென்டிரைவைக் குடுத்து, டிவி கம்பெனி பேரையும் சொன்னேன். அவர் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துத் தலையாட்டினார்.

"பெரீம்மா, வீடியோன்றது தண்ணி மாதிரி. ஒரு செகண்டுக்கு எவ்ளோ வுடணும்னு ஒரு கணக்கு கீது. பிட்ரேட்டும்பாங்க. நீங்க கொண்டாந்தது தண்ணி லாரி பைப்பு. உங்க டிவி வூட்டுக் கொழா. மொத்தமா தொறந்து வுட்டா திணறுது."

"நல்ல கொழாதான் அது."

"நல்ல கொழாதான், யார் இல்லன்னா? அதுக்கு ஏத்த மாதிரி கொறைச்சி மாத்தித் தரேன். உங்க டிவி எட்டு எம்பி வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள எவ்ளோ வேணும்னு நீங்க சொல்லுங்க."

எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண் அப்படியில்லை, பார்த்தவுடன் தெரியும். திரையில் ஒரு கட்டத்துக்குள் இரண்டு என்று போட்டார். சின்னத் துண்டாக மாற்றி ஓட்டிக் காட்டினார். ரிசப்ஷன் வரிசை. எல்லாரும் வந்து நிற்கிறார்கள், கவர் குடுக்கிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள், போகிறார்கள். நன்றாகத்தான் இருந்தது.

"இதே போதும் பாய்" என்று எழுந்தேன்.

"உக்காருங்க பெரீம்மா. நின்னுக்கினு கீறவங்க எதுல போட்டாலும் நல்லாத்தான் தெரிவாங்க. தாலி கட்ற எடத்தைப் பாருங்க, அப்புறம் பேசலாம்."

அந்த இடத்தைப் போட்டார். கெட்டிமேளம் கொட்டியது. நாலு பக்கமிருந்தும் அட்சதையும் பூவும் பறந்தன. பறந்ததுதான் தாமதம், படம் முழுக்கச் சதுரம் சதுரமாக உடைந்துவிட்டது, மொசைக் தரை போல. என் பச்சைப் புடவை மட்டும் ஒரு திட்டாகத் தெரிந்தது. அதற்கு மேலே முகம் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கட்டங்கள்.

"ஏன் இப்டி?"

"ஒரே நேரத்துல அவ்ளோ அரிசி பறக்குது இல்ல? ஒவ்வொண்ணையும் காட்டணும்னா நெறைய தண்ணி வேணும். ரெண்டு பத்தாது."

"அது நான்தான், பச்சைப் பொடவை."

"பொடவை தெரியுது. நீங்கன்னு நான் நம்பறேன். சம்பந்தி நம்பணுமே." வந்த காரணத்தை அதற்குள் அவரிடம் சொல்லியிருந்தேன்.

"அப்போ எட்டே போடுங்க."

எட்டு போட்டார். அடடா, அரிசியை ஒன்றொன்றாகப் பொறுக்கலாம் போல இருந்தது. என் புடவைக் கரையில் இருக்கும் மயில்கூடத் தெரிந்தது. மகனுக்கு நேர் பின்னால் நான். வலது கையால் அட்சதை போடுகிறேன். பாய் படத்தை நிறுத்தி, கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

"பெரீம்மா, எடது கையில இன்னா?"

பார்த்தேன். வடை. பாதி வடை. மீதிப் பாதி எங்கே என்று கேட்கவே வேண்டாம், கன்னம் பந்து போல உப்பியிருந்தது.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்று காலையில் எனக்குத் தலை சுற்றியது. சமையல்காரர் ஒரு வடையைக் கையில் குடுத்து உட்காரச் சொன்னார். ஒரு கடி கடித்ததும் கெட்டிமேளம் கேட்டது. அப்படியே மேடைக்கு ஓடினேன். வடையை எங்கே வைப்பது? கையில்தான்.

பாய் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"சிரிக்காதீங்க பாய். நடுவுல எதுனா கீதா?"

"அஞ்சு போட்டுப் பாக்கலாம்."

ஐந்தில் முகம் தெரிந்தது. நான்தான் என்று குருடர்கூடச் சொல்லிவிடுவார். ஆனால் அட்சதை பறக்கிற நேரத்தில் எல்லாம் கொஞ்சம் மழுங்கிவிட்டது. கன்னம் கன்னமாக இருந்தது. கையில் ஏதோ பழுப்பாக ஒன்று.

"மஞ்சக் கெழங்குன்னு சொல்லிக்கலாம்" என்றார் பாய்.

"இதான் வேணும்."

அவர் முகம் வாடிவிட்டது. "எட்டு ஓடுற டிவிக்கு அஞ்சு போட்டா, பாக்குறவங்க என் கடையைத்தான் திட்டுவாங்க. இத்தினி வருசத்துல தெளிவா வாணாம்னு கேட்ட மொத கஸ்டமர் நீங்கதான்."

"தெளிவுல கஷ்டம் எனக்குத்தானே கீது? போடுங்க."

ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியம்மா தன் ஆட்களோடு வந்தார். கறிக்குழம்பு, சோறு எல்லாம் முடிந்து டிவியைப் போட்டேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. மகன் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்தேன். கெட்டிமேளம் வந்தது. அட்சதை பறந்தது. அங்கே நான்.

"இப்போ சொல்லுங்க சம்பந்தியம்மா. நின்னேனா இல்லையா?"

"நின்னீங்க."

எனக்கு மனசு குளிர்ந்தது.

"எடது கையில இன்னா வெச்சிக்கினு கீறீங்க?" என்றார்.

"பூ."

"பூவை எதுக்கு வாயில போட்டுக்கினீங்க?"

மருமகள் புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள். சம்பந்தியம்மா மெதுவாகச் சொன்னார்: "எங்க வூட்டு டிவியில நிறுத்தி வெச்சே பாத்துட்டேன். நீங்க மேடையில இல்லன்னு நான் எப்போ சொன்னேன்? வடை சாப்ட்டீங்கன்னுதானே சொன்னேன்?"

யோசித்துப் பார்த்தேன். ஆமாம், அவர் அதைத்தான் சொல்லியிருந்தார். நான் சொன்னதும் சரி, அவர் சொன்னதும் சரி. முதலில் சிரித்தது நான்தானா, அவரா என்று தெரியவில்லை. அவர் கண்ணில் தண்ணீர் வருமளவு சிரித்து, என் தோளில் சாய்ந்துவிட்டார்.

அடுத்த நாள் மறுபடியும் தி.நகர் படிக்கட்டு ஏறினேன்.

"இன்னா பெரீம்மா, ஓடலியா?"

"நல்லா ஓடுச்சு. எட்டுல மாத்திக் குடுங்க பாய்."

"வடை தெரியுமே."

"தெரியட்டும். பொடவைக் கரையில கீற மயிலும் தெரியும் இல்ல?"

பாய் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, அந்தக் கட்டத்துக்குள் எட்டு என்று போட்டார்.