சீப்பில் இருக்கும் சுருட்டை

எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் பல் அகன்ற பச்சைச் சீப்பு ஒன்று இருக்கிறது. அதில் சிக்கியிருக்கும் சுருட்டை முடிகள் என் மகளுடையவை. சின்ன வயதிலிருந்தே அவளுக்கு நேர் முடி. பள்ளிக்கூடத்துக்குப் பின்னிவிட்டால் சாயங்காலத்துக்குள் ரிப்பன் வழுக்கிக் கையோடு வந்துவிடும். சுருட்டை அவள் தம்பிக்குத்தான். ஆனாலும் சீப்பில் இருப்பது அவளுடைய முடி என்று ஒரு மருத்துவர் எனக்கு உறுதியாகச் சொன்னார். சொன்ன அன்று அவர் மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

படிப்பு முடித்து ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராகச் சேர்ந்த வருடமே அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. வேலூரில் மருந்து ஏற்றிக் குணமானாள், ஆனால் நோய் மறுபடியும் வந்தது. எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்றார்கள். தம்பியுடையது பொருந்தியது. மஜ்ஜையில் இருக்கும் ஸ்டெம் செல் இன்னும் எதுவாகவும் ஆகாத செல், அதிலிருந்துதான் பலவகை ரத்த அணுக்கள் உண்டாகின்றன என்று விளக்கினார்கள். ஆம்பூரில் தோல் பதனிடும் தொழிற்சாலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கும் எனக்கு அது சட்டென்று பிடிபட்டுவிட்டது. குரோமில் பதனிட்டு எடுத்த ஈரமான நீலத் தோலை நாங்கள் வெட் ப்ளூ என்போம். அந்தக் கட்டத்தில் அது இன்னும் எதுவும் இல்லை. சாயமும் எண்ணெயும் ஏற்றுவதைப் பொறுத்துக் கையுறையாகும், ஷூவின் மேல்தோலாகும், உள்தோலாகும். வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்களுக்கெல்லாம் நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "எங்கப்பா ஆஸ்பத்திரியையும் தொழிற்சாலையாக்கிட்டாரு" என்று மகள் சிரிப்பாள்.

மஜ்ஜை பிடித்துக்கொண்டது. பி வகையாக இருந்த அவள் ரத்தம் தம்பியின் ஓ வகைக்கு மாறியது. "டேய், இனிமே என்னைக் கொசு கடிச்சாலும் உன் ரத்தந்தான்டா குடிக்கும்" என்றாள். "குடிக்கட்டும், சொரியப் போறது நீதானே" என்றான் அவன். சில மாதங்களில் தலையில் முடி முளைத்தது. சுருட்டையாக முளைத்தது. கண்ணாடி முன்னால் தம்பியை இழுத்து நிறுத்தி, "இன்னாடா இது, உன் மண்டையையும் சேத்துக் குடுத்துட்டியா?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே வேறொன்றை மனதில் முடிவுகட்டினேன். மஜ்ஜை முடியாகவும் ஆகியிருக்கிறது. அப்படியென்றால் அது எதுவாகவும் ஆகும்.

அடுத்த வருடம் அவளுக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு பேசவே முடியவில்லை. தம்பியிடமிருந்து வந்த அணுக்கள் அவள் நுரையீரலை அந்நியமாக நினைத்துத் தாக்குகின்றன என்றார் டாக்டரம்மா. கூட இருந்த என் மகன் அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றான். "என் செல்லுதானே மேடம் கெடுத்துச்சு? இன்னொரு வாட்டி எடுங்க. அதையே நுரையீரலா மாத்துங்க" என்றான். நானும் சேர்ந்துகொண்டேன். "முடியா மாறியிருக்கே மேடம். நுரையீரலா ஏன் மாறாது?" என்று கேட்டு என் வெட் ப்ளூ கதையையும் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "ஆட்டுத்தோல் வெட் ப்ளூவுல ஷூவுக்கு அடித்தோல் போடுவீங்களா, அப்பா?" என்றார்.

"இல்ல மேடம். தாங்காது."

"இதுவும் அப்படித்தான். அது பல வகை ஆகும், ஆனா எல்லாம் ரத்தத்துக்குள்ள. கல்லீரல், நுரையீரலாவும் ஆகுதுன்னு ஒரு காலத்துல ரொம்ப நம்புனாங்க. கிட்டப் போய்ப் பாத்தா, பல இடத்துல அது மாறல, அங்க இருந்த செல்லோட கலந்துதான் போயிருந்துச்சு. ஆராய்ச்சி நடக்குது. உங்க பொண்ணுக்குக் குடுக்கற மாதிரி இன்னிக்கு எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அந்த முடி தம்பியோடது இல்ல. மருந்துக்கப்புறம் சிலருக்குச் சுருண்டு வரும். வேர் அவளோடது. ரத்தம் மட்டுந்தான் தம்பியோடது."

அன்று பேருந்தில் திரும்பும்போது மகன் முகத்தை ஜன்னல் பக்கமே வைத்திருந்தான். மஜ்ஜை எதுவாகவும் ஆகும் என்பதற்கு அந்தச் சுருட்டை ஒன்றுதான் எங்களிடம் இருந்த சாட்சி. அதையும் அவர் பிடுங்கிக்கொண்டது போல எனக்கு இருந்தது. மழைக்காலம் தொடங்கும் முன் என் மகள் போய்விட்டாள். கடைசி நாட்களில் ஆக்ஸிஜன் குழாயை ஒதுக்கிவிட்டுத் தம்பியிடம் ஏதோ சொல்ல முயன்றாள். அவன் குனிந்து கேட்டான். என்ன சொன்னாள் என்று அவன் எங்களுக்குச் சொன்னதில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இப்போதும் அவனுக்கு லேசாகச் சளி பிடித்தால்கூட நான் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். இன்று காலை சவரம் செய்யும்போது கன்னத்தில் கீறிக்கொண்டான். முகம் கழுவும் வெள்ளைத் தொட்டியில் ஒரு சொட்டு விழுந்தது. அவள் உடம்பில் ஓடியதும் இதே ரத்தம்தானே என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் அந்தச் சீப்பைக் கையில் எடுத்தான். இத்தனை நாளில் அதை அவன் தொட்டு நான் பார்த்ததில்லை.

"ப்பா, இதுல என்னோடது ஒண்ணும் இல்லல்ல?"

"இல்லடா. முழுக்க அவளோடதுதான்."

"அப்ப இருக்கட்டும்" என்றான். முடி நசுங்காமல் பல் மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி வைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டான்.