சிவப்புப் பூ வந்த பிறகும்

எண்பதுகளில் ஒரு ஆனி மாதம், ஒரே வாரத்தில் இரண்டு கவர் வந்தது. இரண்டும் என் மூத்த மகளுக்கு. ஒன்று மெட்ராஸில் இருக்கும் பெரிய சர்க்கார் பல்கலைக்கழகத்திலிருந்து, இன்ஜினியரிங் சீட். இன்னொன்று ராசிபுரத்துக்குப் பக்கத்தில், குச்சிக்கிழங்குக் காட்டை நிரவிப் புதிதாகக் கட்டிய சின்னத் தனியார் கல்லூரியிலிருந்து, அதே படிப்பு. மகள் மெட்ராஸ் கவரைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். நான் அன்றைக்கே கவலைப்பட ஆரம்பித்துவிட்டேன்.

கவலைப்படுவதில் என்னை யாரும் மிஞ்ச முடியாது. ரயிலில் தூங்கி வேறு ஊரில் இறங்கிவிட்டால்? அத்தனை ஆயிரம் பேர் படிக்கிற இடத்தில் காய்ச்சலில் படுத்தால் யாருக்குத் தெரியும்? பக்கத்துக் கல்லூரி என்றால் சாயங்கால பஸ்ஸில் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

என் வீட்டுக்காரரின் அண்ணன்தான் குடும்பத்துக்குப் பெரியவர். "எதுக்கு இத்தனை பேச்சு? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுப் போடலாம்" என்றார். கிணறு வெட்ட, பெண் கொடுக்க, எல்லாவற்றுக்கும் குலதெய்வத்திடம் பூக் கேட்பது எங்கள் வழக்கம். வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. பூசாரி தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தா காலடியில் போடுவார். ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் மெட்ராஸ், சிவப்பு வந்தால் ராசிபுரம்.

மகளையே எடுக்கச் சொன்னார்கள். சிவப்பு.

மறைக்காமல் எழுதுகிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது. அவள் அழவில்லை. பிரித்த இலையை மறுபடி அதே மடிப்பில் மடித்து வைத்தாள்.

வரும் வழியில் அந்தக் கல்லூரியைப் பார்க்க இறங்கினோம். தாளாளர் பெரியவருக்குத் தெரிந்தவர். அவரே சுற்றிக் காட்டினார். "மொத்தமே அறுபது பேருதானுங்க. ஊட்டுப் புள்ளைங்க மாதிரி பாத்துக்குவோம். பொம்பளப் புள்ளைங்களுக்கு லெட்டர் வந்தா, நாங்க பிரிச்சுப் படிச்சுட்டுத்தான் குடுப்போம்" என்றார் பெருமையாக. என்னைப் போன்ற பயந்தாங்கொள்ளிக்கு இதைவிட என்ன வேண்டும்?

"மெஷின் லேப் எங்கீங்க சார்?" என்று மகள் கேட்டாள்.

"அடுத்த வருஷம் வந்துரும் கண்ணு. உனக்கென்ன அவசரம், நீ லேத்தா ஓட்டப்போறே?" அவர் சிரித்தார். பெரியவர் சிரித்தார். என் வீட்டுக்காரரும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். நான் எட்டாவது முடித்தபோது ஹைஸ்கூலுக்கு மூன்று மைல் நடக்க வேண்டும் என்று என் அப்பாவும் பூக் கேட்டார். அன்றைக்கும் சிவப்புதான். மறுநாள் என் பள்ளிக்கூடப் பையில் அம்மா துவரை விதையைப் போட்டு வைத்தாள்.

"இவ மெட்ராஸ்தானுங்க போறா" என்றேன்.

பெரியவர் திரும்பினார். "என்ன அம்மிணி பேசறே? ஆத்தா சொன்னதை மீறுவியா?"

"மீறுவனுங்க. எனக்கும் செவப்புத்தான் வந்துச்சு. அன்னைக்கு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தேன்."

"எட்டாவது படிச்சவ. உனக்குக் காலேஜைப் பத்தி என்ன தெரியும்?"

"எட்டோட நின்னா எப்படி இருக்கும்னு தெரியுமுங்க. அதைச் சொல்ல இங்க வேற ஆளில்லீங்களே."

தாளாளர் சொல்லியிருந்த டீ வருவதற்குள் மகளைக் கூட்டிக்கொண்டு ரோட்டுக்கு வந்துவிட்டேன். பின்னாலேயே வந்த வீட்டுக்காரர் பஸ்ஸில் மூன்று டிக்கெட் வாங்கினார். அப்புறம், "ரயில்ல நானும் வாரேன். உன்னைத் தனியா உட்டா பயத்துலயே செத்துருவே" என்றார்.

அந்த வருஷம் எருமை செத்தது. ஆத்தா கோபம் என்றார்கள். மழை தவறியது, அதுவும் என்னால்தான். கேட்கும்போதெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கும். மகளின் கடிதம் இரண்டு நாள் பிந்தினால் தபால்காரரைத் தேடித் தெருமுனைவரை போய்விடுவேன். ஆனால் தப்புப் பண்ணிவிட்டேன் என்று ஒரு நாளும் சொல்லவில்லை. மழை ஊருக்கே தவறியது. ஊரில் எல்லாருமா பெண்ணை மெட்ராஸுக்கு அனுப்பினார்கள்?

சின்னவள் பன்னிரண்டாவது முடித்தபோது பூக் கேட்கலாம் என்று யாரும் வாயெடுக்கவில்லை. நானே தனியாகக் கோயிலுக்குப் போனேன். பூசாரி வழக்கம்போல இலையை எடுத்தார். "வேண்டாமுங்க, கேக்க வரலை. சின்னவளும் மெட்ராஸ் போறான்னு ஆத்தாகிட்டச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்" என்றேன். அவர் இலையைக் கீழே வைத்துவிட்டு, நான் கொண்டுபோன தேங்காயை உடைத்தார். மூடியை வாங்கிக்கொண்டு வந்தேன்.