ஆறு நிமிடங்கள் மீதம்

“யார் பார்க்கிறீர்கள்?” என்று தொலைக்காட்சியில் மாட்டிய இணையப் பெட்டி கேட்டு முடிப்பதற்குள் எக்ஸ்சேஞ்ச் அக்காவின் கட்டைவிரல் ரிமோட்டில் வலப்பக்கம் ஒரு தட்டு தட்டிவிடும். முதலில் வருவது அவருடைய பெயர். அடுத்தது தங்கையின் பெயர். தன் பெயரைத் தாண்டிப்போய், தங்கையின் கணக்குக்குள் நுழைந்து, அவள் பாதியில் விட்டுவைத்திருக்கும் படங்களின் வரிசையை ஒரு முறை காதால் கேட்டுவிட்டுத்தான் தன் கணக்குக்குத் திரும்புவார். பக்கத்து வீட்டில் விளக்கு எரிகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போகிறவர்கள் இல்லையா, அப்படி.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அக்கா. பெட்டி திரையில் இருப்பதையெல்லாம் அவருக்குப் படித்துச் சொல்லும். அது படிக்கும் வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. “மெதுவா வெச்சா தூங்கிப் போயிடுவேன்” என்பார். அந்தக் குரலுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் மாமியார். “எங்க போனாலும் பின்னாடியே வந்து அது என்ன, இது என்னன்னு சொல்லிக்கிட்டே இருக்கா பாருங்க. நான்தான் கல்யாணமே பண்ணிக்கலயே, இவ எங்கருந்து வந்தா?” இன்னொரு குரலும் உண்டு. படத்தில் யாரும் பேசாத இடங்களில் நுழைந்து, காட்சியில் என்ன நடக்கிறது என்று விவரிக்கும் குரல். அடுத்தவர் பேச்சு ஓயும்வரை காத்திருந்து அடக்கமாகப் பேசுவதால் அதன் பெயர் புது மாப்பிள்ளை.

அந்தத் தொலைக்காட்சி ஒரு காலத்தில் என்னுடையது. திடீரென்று திரை கறுத்துப்போய்ச் சத்தம் மட்டும் வந்தது. பழுது பார்க்க வந்தவர், “பேனல் போச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். ஆஸ்பத்திரியில் நான் இதைச் சொல்லிப் புலம்பியபோது அக்கா கேட்டது ஒரே கேள்வி: “சத்தம் நல்லா வருதா?” வருகிறது என்றேன். “அப்ப அதுக்கு என்ன கேடு? எனக்குக் குடுங்க.” தங்கை வெளிநாடு போகும்போது வாங்கித் தந்த, உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டியை இப்போது என் பழைய தொலைக்காட்சியின் முதுகில் மாட்டிவைத்திருக்கிறார். ரிமோட்டின் நடுப் பொத்தானில், விரலுக்கு அடையாளமாக, ஒரு சொட்டுப் பசை காய்ந்து மேடு கட்டியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அந்தக் கறுத்த திரைக்கு முன்னால் இருவரும் உட்காருவோம். இரண்டு கண் இருந்தும் அங்கே நான்தான் விவரம் புரியாத ஆள்.

இருபத்தெட்டு ஆண்டுகளாக அவர் எங்கள் ஆஸ்பத்திரியின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார், எண்தான். கோப்பறையில் வேலை செய்யும் நான் முந்நூற்றுப் பதினேழு. “வாங்க முன்னூத்திப் பதினேழு, உக்காருங்க” என்று அவர் சொன்னால் எனக்கே சமயங்களில் என் பெயர் மறந்துவிடும். ஒரு ‘ஹலோ’ போதும், ஆளின் நிலவரம் சொல்லிவிடுவார். “நூத்தி நாலு இன்னிக்கு வீட்ல வாங்கிக் கட்டிக்கிட்டு வந்திருக்கு. பத்து மணி வரைக்கும் எதுவும் கேக்காதீங்க.” நூற்று நான்கு என்பது எங்கள் தலைமை மருத்துவர். ஆஸ்பத்திரிக்குள்ளும் வெளியிலுமாக நானூறு எண்கள் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அதில் ஒரே ஒரு எண்ணைத்தான் பதினொரு மாதமாக அவர் அழுத்தவில்லை. அது தங்கையின் எண்.

தங்கை அவரைவிட நான்கு வயது இளையவள். பள்ளிக்கூடம் போகும் வயதிலிருந்து அக்காவுக்குப் படம் சொன்னவள் அவள்தான். அக்கா சோபாவின் வலது ஓரம், தங்கை இடது ஓரம். படத்தில் பேச்சு நின்றால் அக்காவின் தலை தானாக இடப்பக்கம் சாயும். அங்கே தங்கையின் வாய் தயாராக இருக்கும். “புது மாப்பிள்ளை ‘அவன் அமைதியாக அமர்ந்திருக்கிறான்’னு சொல்றான். அதையே அவ எப்படிச் சொல்லுவா தெரியுமா? ‘இடிச்ச புளி மாதிரி உக்காந்திருக்கான்கா, எனக்கே எந்திரிச்சுப் போயி ரெண்டு அறை விடலாம்னு இருக்கு!’ அதுலதான் அவன் மூஞ்சி எனக்குத் தெரியும்.” இதைச் சொல்லும்போது அக்காவின் கை தன்னையறியாமல் சோபாவின் இடது ஓரத்தைத் தடவிக்கொண்டிருந்தது. இப்போதும் பேச்சில்லாத காட்சி வந்தால் அந்தத் தலை சாய்கிறது. பழக்கம் விட்டால்தானே.

சண்டை வந்தது ஒரு ரயில் நிலையத்தால். சிறு வயதில் இருவரும் பார்த்த ஒரு பழைய காதல் படம், வருடங்கள் கழித்துப் பெட்டியில் கிடைத்தது. அதன் கடைசி ஆறு நிமிடங்களில் பேச்சே கிடையாது. ரயில் சத்தமும் காலடியும்தான். சிறு வயதில் பார்த்த அன்றைக்குத் தங்கை சொன்னது: “அவ இறங்கிட்டாக்கா! பெட்டி படுக்கையெல்லாம் போட்டுட்டு ஓடி வர்றா!” அக்கா சந்தோஷத்தில் தேம்பி அழுதாராம். புது மாப்பிள்ளை சொன்னது வேறு: “ரயில் அவளுடன் புறப்பட்டுச் செல்கிறது. நடைமேடை காலியாகிறது. அவன் தனியே நிற்கிறான்.” பெட்டிக்குத்தான் புத்தி கெட்டுவிட்டது என்று அக்கா மூன்று முறை போட்டுக் கேட்டார். பிறகு மற்ற படங்களையும் ஒவ்வொன்றாகத் தோண்டினார். நான்கு படங்களில் செத்தவர்களைத் தங்கை பிழைக்க வைத்திருந்தாள், ஒரு நாய் உட்பட.

உடனே போனை எடுத்தார். எடுத்தேன் கவிழ்த்தேன் என்று பேசிவிட்டார். “கண்ணு தெரியாதவதானேன்னு இத்தனை வருஷமா என்னை ஏமாத்தியிருக்கே. இந்த மெஷினாவது உள்ளதை உள்ளபடி சொல்லுது. இனிமே நீ எனக்கு ஒண்ணும் சொல்ல வேணாம்.” அந்தப் பக்கம் இருந்து வந்தது ஒரே சொல்: “சரிக்கா.” அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

“கோபம் நாலு நாள்ல போயிடுச்சு” என்று அக்கா என்னிடம் சொன்னார். “அதுக்குள்ள வெக்கம் வந்து சம்மணம் போட்டு உக்காந்துக்கிச்சு. கோபத்தை எழுப்பி அனுப்பிடலாம். இது எந்திரிக்க மாட்டேங்குது.” ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுக்கிற கை, தன் தங்கையின் எண்ணை மட்டும் அழுத்த மறுக்கிறது. எனக்கு எரிச்சலாகத்தான் வந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தபின் அதட்ட மனம் வரவில்லை.

அதனால்தான் அந்த வரிசையைக் காதால் கேட்பது. இருவருக்கும் சந்தா ஒன்றே. தங்கை அங்கே பார்ப்பது இங்கே தெரியும். “சிரிப்புத் தொடர் நாலு பகுதி பாத்திருக்கா. மனசு சரியில்லன்னாதான் அதைப் போடுவா.” “அஞ்சு நாளா ஒண்ணுமே பாக்கல, வேலை அதிகம் போலிருக்கு.” இவ்வளவுதான் அவருக்குத் தங்கையிடமிருந்து வரும் கடிதம். ஆனால் அங்கே எதையும் அழுத்தக் கூடாது என்பது சட்டம். “அடுத்த வீட்டு அடுப்புல நாம கை வைக்கலாமா?”

போன மாதம் கை வைத்துவிட்டார். வரிசையைக் கேட்டுக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. அவசரத்தில் நடுப் பொத்தான் அமுங்கி, தங்கையின் தொடர் ஓட ஆரம்பித்துவிட்டது. எக்ஸ்சேஞ்சில் அழைப்பொலி கேட்டதும் ஓடும் விரல்கள் அவருடையவை. எது ஓடத் தொடங்கினாலும் கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு, ஓகே என்று புது மாப்பிள்ளையைப் பேச வைத்துவிடும். வைத்துவிட்டது. யாருடைய கணக்கு என்று உறைத்ததும் பதறிக் கணக்கைவிட்டு வெளியே ஓடிவந்தவர் அதை அணைக்காமலேயே வந்துவிட்டார். ஒரு கணக்கில் ஒரு தடவை போட்டுவிட்டால், யாராவது அணைக்கும்வரை எந்தப் படத்திலும் அந்தக் குரல் பேசும். “திருடப் போன வீட்ல செருப்பை விட்டுட்டு வந்த கதையா ஆச்சு. அக்கா வேவு பாக்கறான்னு தெரிஞ்சுடும். இருக்கற இந்த ஜன்னலையும் சாத்திடுவா.”

அதற்குப் பிறகு மூன்று வாரம் வரிசை அசையவே இல்லை. அந்தத் தொடர் அதே இடத்தில் நின்றது. எக்ஸ்சேஞ்சில், குழந்தைகள் வார்டைக் கேட்ட ஒருவருக்கு அக்கா சலவைப் பிரிவைக் கொடுத்தார். இருபத்தெட்டு ஆண்டில் அவர் தப்பாகப் போட்ட முதல் லைன். ஆஸ்பத்திரியே அதைச் சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. அந்த ஞாயிறு வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பெட்டி கேட்டது. விரல் வலப்பக்கம் தட்டியது. மாமியார் ஏதோ சொன்னாள். அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. மறுபடி கேட்டார். பிறகு எனக்காகக் குரலின் வேகத்தைக் குறைத்தார். அவர் எனக்கு அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை. வரிசையில் முதலாவதாக இருந்தது அந்தப் பழைய காதல் படம். “ஆறு நிமிடங்கள் மீதம்” என்றாள் மாமியார்.

“ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் வந்து நிறுத்தியிருக்கா” என்றார் அக்கா. 

“அந்தப் புது மாப்பிள்ளை?” என்றேன்.

சட்டத்தை மீறி நடுப் பொத்தானை அழுத்தினார். கறுத்த திரைக்குள் ரயில் ஊதியது. “அவள் ஜன்னலருகே அமர்கிறாள்” என்றது அந்த அடக்கமான குரல். அக்கா சட்டென்று நிறுத்தினார். தங்கை அதை அணைக்கவே இல்லை. இரண்டு கண்ணும் நன்றாக இருக்கிற தங்கை, அந்தக் குரலை அணைக்காமல், முழுப் படத்தையும் அதைக் கேட்டுக்கொண்டே பார்த்திருக்கிறாள். தன் இடத்தில் வந்து உட்கார்ந்தவன் எப்படித்தான் சொல்கிறான் என்று கேட்டிருப்பாள் போலும்.

“இப்பவாவது போன் பண்ணுங்கக்கா.”

“பண்ணா ‘பரவால்லக்கா’ன்னு சொல்லிடுவா. எனக்கு அந்தப் ‘பரவால்ல’ வேணாம், முன்னூத்திப் பதினேழு.” விரல் கீழே ஒன்று, வலப்பக்கம் இரண்டு போனது. “ஒலி விவரிப்பு, நிறுத்தப்பட்டது” என்றாள் மாமியார்.

“என்னக்கா, அதை ஏன் நிறுத்தினீங்க? என்ன நடக்குதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“அவ சொல்லட்டும். பொய்யாவே சொல்லட்டும்.”

காட்சியை மறுபடி ‘ஆறு நிமிடங்கள் மீதம்’ என்ற இடத்துக்கே பின்னே தள்ளி, அது நிற்கும் இடத்தை மாமியாரிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். தங்கை அடுத்த முறை போட்டால் குரல் இருக்காது. ரயிலும் காலடியும்தான் இருக்கும், அணைத்தது யார் என்று அவளுக்குப் புரியும். கணக்கிலிருந்து வெளியே வந்து ரிமோட்டை மடியில் வைத்தார். கூடத்தில் சத்தம் ஏதும் இல்லை. நான் அவருக்கு வலப்பக்கத்து நாற்காலியில் இருந்தேன். அக்காவின் தலை இடப்பக்கம் சாய்ந்தது. நான் எழுந்து வரும்வரை அது நிமிரவில்லை.