விலாசினி எழுந்து போகும் காட்சி

மின்வாரியத்தில் முப்பது வருடம் கம்பம் ஏறியவன் நான். பதினோராயிரம் வோல்ட்டுக்கு நடுங்காதவன் இந்த ஓணத்துக்கு ஒரு காதல் சினிமாவைப் பார்த்து நடுங்கினேன் என்றால் பய்யன்னூரில் எவனும் நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும்.

படம் பழசு, காதலும் கலாட்டாவுமாகப் போகும். ஓணத்துக்கு மறுநாள் மதியம் ஏதாவது ஒரு சேனல் அதைப் போட்டுவிடும். அதில் என் மனைவி விலாசினி நான்கு நிமிடம் வருகிறாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம்கூட ஆகாத சமயம். அவள் ஒரு நாடகக் குழுவில் இருந்தாள். பெண் பார்க்கும் காட்சி. கதாநாயகியின் சித்தியாகப் பலகாரத் தட்டோடு ஓரமாக நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. வசனம் கிடையாது. கேமரா ஓடியதும் இவளுக்குப் பயம் வந்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் தட்டிலிருந்த அச்சுமுறுக்கை எடுத்துக் கடித்துவிட்டாள். மாப்பிள்ளையின் மாமா சீர் பற்றி வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு 'கறுக்'. கடைசியில் அவர் தட்டுக்குக் கையை நீட்டினால் தட்டு காலி! டைரக்டர் அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார்.

தியேட்டரில் கூரை பிய்ந்துபோகிற மாதிரி சிரிப்பு, விசில். எனக்கு வயது இருபத்தொன்பது, புத்தி அதில் பாதி. ஊரே என் பெண்டாட்டியைப் பார்த்துப் பல்லிளிக்கிறது என்று தோன்றியது. சைக்கிளில் திரும்பும்போது பின்னால் உட்கார்ந்திருந்தவளிடம் சொன்னேன்: "நல்லாத் தின்னே, போ. நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் ஆபீசுக்குப் போறது?"

அப்புறம் இரண்டு படத்துக்கு ஆள் வந்து கூப்பிட்டார்கள். "எனக்கு அதெல்லாம் வராதுங்க" என்று அனுப்பிவிட்டாள். அங்கன்வாடியில் வேலைக்குச் சேர்ந்தாள். பிள்ளைகளுக்குக் கதை சொல்லும்போது புலியும் அவள்தான், ஆடும் அவள்தான். கூட்டிப்போக வந்த பெற்றவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பார்களாம். நான் ஒரு நாளும் நின்றதில்லை.

டிவியில் அந்தக் காட்சி வந்தால் மட்டும் எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். "என் மூஞ்சிய என்னாலயே சகிக்க முடியல" என்பாள். விளம்பரம் வந்ததும் திரும்பி வருவாள். வருடா வருடம் இதே கதை.

இந்த வருடம் சித்திரை விஷு கழிந்ததிலிருந்து அவளுக்கு மறதி. மகள் ஷீஜாவைச் செத்துப்போன தங்கையின் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். ஒரு நாள் எங்கள் வீட்டு வாசலிலேயே நின்று, "இது யாரு வீடு ஏட்டா?" என்று என்னைக் கேட்டாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அவள் 'ஏட்டா' என்றுதான் கூப்பிடுவாள். மறதி நோய்தான், ஆரம்பம், எவ்வளவு வேகமாகப் போகும் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். அந்தக் காட்சிக்கு எழுந்து போனால் என் விலாசினி இன்னும் இருக்கிறாள். போகாவிட்டால்... அதற்கு மேல் நினைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ஓணத்துக்கு மறுநாள் மதியம் படம் தொடங்கியது. ஷீஜா என் காதருகே வந்து, "அணைச்சிருங்க அச்சா. எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றாள்.

"நீ சும்மா கெட."

மாப்பிள்ளை வீட்டார் காரிலிருந்து இறங்கினார்கள். நான் டிவியைப் பார்க்கவில்லை. விலாசினியின் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்திருடி, எழுந்து போடி என்று மனசுக்குள் கெஞ்சினேன். முதல் 'கறுக்' கேட்டது. கால்கள் அசையவில்லை.

இரண்டாவது 'கறுக்'குக்கு அவள் சிரித்தாள். வாய்விட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏட்டா, இந்தப் பொண்ணப் பாருங்க! வாயே தொறக்காம மொத்தப் பேரையும் தூக்கிச் சாப்பிட்டுட்டா. கதாநாயகிய யாரு பாக்கறா? யாரு இவ?"

ஷீஜாதான் எழுந்து அடுக்களைக்கு ஓடினாள். பயந்தது நடந்தேவிட்டது.

"நம்ம ஊர்க்காரிதான்" என்றேன்.

"அப்படியா! கல்யாணம் ஆயிருச்சா?"

"ஆச்சு."

"அவ புருஷன் குடுத்து வச்சவன். பொண்ணு கண்ணுல பயம் தெரியுது, பாருங்க. தனக்கு எவ்வளவு நல்லா வருதுன்னு அவளுக்கே தெரியல. அவன் சொல்லியிருப்பான்ல?"

"இல்ல. சொல்லல."

"அடப்பாவி!" என்றாள், டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

மாமா காலித் தட்டுக்குக் கையை நீட்டினார். அவள் கைதட்டினாள். நான் அவள் முகத்தை என் பக்கம் திருப்பினேன். முப்பத்தாறு வருடமாகச் சொல்லாததைச் சொன்னேன்: "ரொம்ப நல்லா நடிச்சிருக்கே, விலாசினி."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"எங்கிட்ட ஏன் சொல்றீங்க? போய் அவகிட்ட சொல்லுங்க."