வெங்காய மூட்டையும் 'அந்த விஷயமும்'

ஒன்றின் பெயரைச் சொல்லப் பயமாக இருந்தால் எங்கள் ஊரில் அதற்கு 'விஷயம்' என்று பெயர் வைத்துவிடுவார்கள். நான் ஓட்டுகிற பல்கலைக்கழகப் பஸ்ஸில் அப்படி ஒரு 'அந்த விஷயம்' ஏறி உட்கார்ந்து, ரொம்ப நாள் இறங்கவே இல்லை.

காலையில் ஸ்ரீரங்கத்தில் எடுத்து, காவிரிப் பாலம் தாண்டி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வெளியே இருக்கும் வளாகத்துக்குப் போக வேண்டும். பேராசிரியர்கள் முன்னால், மாணவர்கள் பின்னால். யாரும் போட்ட சட்டமில்லை, அப்படியே படிந்துவிட்டது. பத்தாவதோடு நின்றுவிட்ட நான் மிச்சம் படித்ததெல்லாம் இவர்கள் பேச்சைக் கேட்டுத்தான்.

சத்திரத்தில் ஏறுகிறவர்களில் துறையூர்ப் பக்கத்து விவசாய வீட்டுப் பெண் ஒருத்தி. சின்ன வெங்காயம் அழுகாமல் எப்படி வைத்திருப்பது என்பது அவள் ஆராய்ச்சி. அப்பா வெங்காயம் சேமித்து வைக்கும் பட்டறையிலிருந்து வாரம் தவறாமல் ஒரு மூட்டை கொண்டுவருவாள். நல்லதும் இருக்கும், சோதனைக்காக அழுக விட்டதும் இருக்கும். எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டாலும் வாடை வளாகம் வரை கூடவே வரும்.

அதிகம் சத்தம் போட்டவர் அவள் துறையிலேயே பாடம் நடத்தும் ஸ்ரீரங்கத்துப் பேராசிரியை. இது பஸ்ஸா, காந்தி மார்க்கெட்டா என்று என்னைக் கேட்டுவிட்டுப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வார். ஆய்வகத்தில் உதவியாளராக இருக்கும் பெரியகடை வீதி பாய் மூட்டையை ஏற்றி இறக்கிக் கொடுப்பார். சென்ட் வந்தாச்சு மேடம் என்று சீண்டவும் செய்வார்.

பிறகுதான் அது நடந்தது. துறைத் தலைவர் அவளுடைய ஆராய்ச்சி முழுவதையும் தன் பெயரில் வெளியிட்டுவிட்டார். பாராட்டு விழா, சால்வை, போட்டோ எல்லாம் ஆயிற்று. அவள் புகார் கொடுத்தாள். ஆராய்ச்சி என்னுடையது, அந்தப் பெண் கூடமாட உதவி செய்தாள், அவ்வளவுதான் என்றார் அவர். நிர்வாகம் விசாரணைக் குழு போட்டது. துறைக்காரர் யாராவது போய், அது அவள் வேலைதான் என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவள் பொய்க்காரி, வாங்கவிருந்த பட்டமும் கிடையாது.

மாணவர்கள் ஒரு நாள் வாசலில் உட்கார்ந்தார்கள். ஆசிரியர் சங்கம், விசாரணை நடப்பதால் கருத்துச் சொல்வதற்கில்லை என்றது. பஸ்ஸிலோ, விஷயம் பெருசாகுதாம், விஷயம் மேலே போயிடுச்சாம் என்று ஒரே முணுமுணுப்பு. சத்திரத்தில் அவள் ஏறியதும் எல்லாரும் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். மூட்டை வருவது நின்றுபோனது. பஸ் மணக்காமல் ஓடியது. அதை நல்லதென்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

பேராசிரியை வாய் திறப்பார் என்று நானும் எதிர்பார்க்கவில்லை. அவரும் துறைத் தலைவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். இரண்டு குடும்பமும் பண்டிகைக்குப் பண்டிகை ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள்.

விசாரணை அன்று அந்தப் பெண் கைப்பையோடு ஏறிக் கடைசி சீட்டுக்குப் போனாள். முன்னால் இருந்த, அதே துறை விரிவுரையாளர் ஒருவர் பக்கத்து ஆளிடம், இன்னைக்குத்தானே அந்த விஷயம் என்றார். மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் பஸ் சிக்னலில் நின்றிருந்தது, கடைசி சீட்டு வரை கேட்டுவிட்டது.

அவள் எழுந்தாள். "விஷயம்னா என்னங்க சார்? அதுக்கு ஒரு பேரு இருக்குல்ல. நீங்களாச்சும் சொல்லுங்க."

நான் கண்ணாடியில் பார்த்தேன். பேராசிரியையின் கை பழக்கத்தில் தலைப்பை மூக்குக்குக் கொண்டுபோயிருந்தது. வாடையே இல்லாத பஸ்ஸில் தன் கையைத் தானே பார்த்தார். மெல்லக் கீழே இறக்கினார்.

"திருட்டு," என்றார். "அதான் பேரு. ரெண்டு வருஷமா மூக்கைப் பொத்திண்டு வரேன். அது யார் வெங்காயம்னு எனக்குத் தெரியாதா? வாடிம்மா, முன்னாடி வந்து உக்காரு." பிறகு விரிவுரையாளர் பக்கம் திரும்பினார். "நீங்களுந்தானே எங்கூடச் சேர்ந்து வாடை வாடைன்னு மொணமொணத்தேள்? இப்ப மட்டும் மூக்கு அடைச்சுண்டுடுத்தா?"

பாய் பின்னாலிருந்து, ஏத்தி எறக்கினது என் தோளு, அதுவும் வந்து சாட்சி சொல்லும் மேடம் என்றார். சிரிப்பு எழுந்தது. பின்னால் கார் ஹாரன் அடித்தது, சிக்னல் மாறியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

அன்று குழுவின் முன்னால் நடந்ததைச் சாயங்கால டிரிப்பில் ஆளுக்கொரு விதமாகச் சொன்னார்கள். பேராசிரியையும் பாயும் ஆய்வகத்தில் கண்டதைச் சொன்னார்களாம். விரிவுரையாளரும் போயிருக்கிறார். வேறு துறைக்காரர்கள்கூடப் போய், மூட்டை யாருடையது என்று எங்கள் மூக்குக்குத் தெரியும் என்றார்களாம். கொஞ்ச நாளில் துறைத் தலைவருக்குப் பதவி போயிற்று. ஆராய்ச்சி அவள் பெயருக்குத் திரும்பியது. பேராசிரியை வீட்டுப் பண்டிகைச் சாப்பாட்டுக்கு இப்போது அந்தக் குடும்பம் வருவதில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதும் இல்லை.

விசாரணைக்கு அடுத்த வாரமே சத்திரத்தில் மூட்டை ஏறியது. அழுகல் கொஞ்சம் கூடுதல்தான். அந்தப் பெண் முன் சீட்டில், பேராசிரியையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தலைப்பை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"டிரைவர், இது பஸ்ஸா, காந்தி மார்க்கெட்டா?"

மார்க்கெட்தாங்க மேடம் என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.