தும்புக் கயிற்றில் ஏறிய பாய்

நெடுந்தீவில் அக்கா அத்தான் வீட்டில் சில நாட்கள் நின்றுவிட்டு ஊர்காவற்றுறைக்குத் திரும்பும் வழியில்தான் அது நடந்தது. அப்போது எங்களிடம் ஒரு சின்னப் பாய் வள்ளம் இருந்தது. தொழிலுக்கு அல்ல. என் கணவர் சங்கக்கடையில் மனேச்சர். லீவு கிடைத்தால் தீவு தீவாக ஓடித் திரிவது அவருடைய ஆசை. நான் கடற்காரக் குடும்பத்தில் பிறந்தவள் என்பதால் வள்ளத்தைக் கவனிப்பது என் பொறுப்பு.

வெளிநாட்டுச் சாமான் எதுவும் கடையில் கிடைக்காத காலம் அது. கப்பலில் வேலை செய்த என் தம்பி நல்ல நைலோன் கயிறு ஒன்று கொண்டுவந்து தந்திருந்தான். பாய் ஏற்றுவதற்கு அதைத்தான் பூட்டியிருந்தேன்.

வழக்கமாகப் பாய் ஏற்றுவதும் நான்தான். அன்று காலை அவர், "நீர் சாமானைப் பாரும், நான் ஏத்துறன்" என்றார். அக்கா தந்த ஒடியலும் பனங்கட்டியும் நனையாமல் மூடிக்கட்டிக்கொண்டிருந்ததால் நான் அண்ணாந்து பார்க்கவில்லை.

சோளகக் காற்று பின்னால் நின்று தள்ளியது. நயினாதீவு தெரியத் தொடங்கிய நேரம், தலைக்குமேல் படாரென்று ஒரு சத்தம். பாயும் அதைத் தாங்கிய குறுக்குத்தடியும் ஒன்றாக விழுந்தன. தடி அவருடைய தோளில் அடித்தது. சுக்கானை விட்டுவிட்டு அவர் சுருண்டு விழுந்தார். பாதிப் பாய் தண்ணீருக்குள் கிடந்து வள்ளத்தை ஒரு பக்கம் சரித்தது.

பாயை இழுத்து உள்ளே போட்ட பிறகுதான் அறுந்த முனை கையில் வந்தது. நைலோன் அல்ல. உக்கிப்போன தென்னந்தும்புக் கயிறு.

"ஆர் இதை மாத்தினது?"

அவர் தோளைப் பிடித்துக்கொண்டு முனகினார்.

"அத்தான்தான்!" என்றேன் நானே. "வேறை ஆர்? கிணத்துக்கு நல்ல கயிறில்லை எண்டு வந்த நாளிலை இருந்து சொல்லிக்கொண்டிருந்தவர். களவெடுத்துப்போட்டு இந்தக் குப்பையைக் கட்டி விட்டிருக்கிறார். நாங்கள் செத்தாலும் அவருக்கென்ன!"

"இப்ப அதை விடும்" என்றார் அவர்.

நான் விடவில்லை. நங்கூரக் கயிற்றைக் கழற்றிப் பாய்க்குப் பூட்டும்வரை அத்தானை ஏசிக்கொண்டே இருந்தேன். அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. தோள் நோவு என்றுதான் நினைத்தேன்.

நங்கூரத்துக்குக் கயிறு இல்லாததால் நயினாதீவுக் கரையில் வள்ளத்தை நிறுத்த முடியவில்லை. அலை தூக்கி முருகைக்கல்லில் மோதியது. அடிப்பலகை ஒன்று பிளந்தது. தெரிந்த ஒரு வீட்டில் அவரை இருத்தி, பலகைக்கு ஆள் பிடித்துவிட்டு, மறுநாளே குறிகட்டுவான் போய் அங்கிருந்து நெடுந்தீவு லாஞ்சியில் ஏறினேன். வழியெல்லாம் அத்தானுக்குச் சொல்ல வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் நுழையவில்லை. நேரே கிணற்றடிக்குப் போனேன். வாளியில் என் கயிறு. முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினேன். அத்தான் ஓடிவந்தார். அடுக்கி வைத்த எல்லாவற்றையும் அவர் முகத்துக்கு நேரே கொட்டினேன். வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்கள் கூடிவிட்டார்கள்.

அக்காதான் முன்னுக்கு வந்தாள். "அவரை ஏசாதை. உன்ரை மனுசன்தான் தன்ரை கையாலை கழட்டித் தந்தவர்."

"பொய்!"

"கேட்டது நான்தான் பிள்ளை" என்றார் அத்தான். "கடலுக்கு வேணுமெல்லோ எண்டும் கேட்டனான். பழங்கயிறே போதும் எண்டவர்."

ஆனாலும் கயிற்றை விட்டுவிட்டு வரவில்லை. முழுவதையும் அவிழ்த்துச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த லாஞ்சிக்கு நடந்தேன். அக்கா பின்னால் கூப்பிட்டது கேட்டது. திரும்பவில்லை.

நயினாதீவில் அவர் கையைக் கழுத்தோடு துணியில் தொட்டில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். கயிற்றைக் கண்டதும் முகம் மாறியது.

"நீங்களோ குடுத்தனீங்கள்?"

"அவர் கேட்கேக்கை மாட்டன் எண்டு சொல்ல ஏலாமல் போச்சு."

"கடலிலை நான் அந்த மனுசனை அவ்வளவு ஏசேக்கை வாயைத் திறந்திருக்கலாமே?"

"திறந்திருந்தால் என்னையெல்லோ ஏசியிருப்பீர்."

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவும் பார்த்தார். என் உயிரையும் தன் உயிரையும் உக்கல் கயிற்றில் தொங்கவிட்ட மனிதர், என் ஏச்சுக்குப் பயந்தாராம்! பக்கத்திலிருந்த செம்பை எடுத்துச் சுவரில் அடித்தேன். வீட்டுக்காரர்கள் மெல்ல உள்ளே போய்விட்டார்கள்.

பலகை சரியானதும் கயிற்றை நானே பூட்டினேன், பாயை நானே ஏற்றினேன், சுக்கானையும் நானே பிடித்தேன். அவர் முன்னால் இருந்தார்.

ஊர்காவற்றுறைத் துறையில் நின்றவர்கள் அவருடைய கையைப் பார்த்து, "என்ன அண்ணை நடந்தது?" என்று கேட்டார்கள்.

"காத்துப் பிழைச்சுப்போச்சு" என்றார்.

"காத்திலை ஒரு பிழையும் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு, நான் வள்ளத்தை இழுத்துக் கட்டினேன்.