முகவுரைக்குப் போன வாக்கியம்

இலண்டன் வால்தம்ஸ்டோ சந்தைத் தெருவில் நம் ஆட்களின் மீன்கடை ஒன்று இருக்கிறது. போன சனிக்கிழமை விளைமீன் வாங்கப் போனேன். ஐஸ் மேல் செம்மஞ்சள் சதை தெரிய, பிளந்த சால்மன் ஒன்று கிடந்தது.

“ஐயா, சால்மன் கொண்டு போங்கோவன். நல்ல மலிவு.”

“கடல் மீனோ, வளர்ப்போ?”

கடைக்காரர் சிரித்தார். “கடல் சால்மனோ? அதுக்கு நீங்கள் முந்தியே வந்திருக்க வேணும், ஐயா.”

முந்தியே வந்தவன்தான் நான். ஒன்றும் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன். ஐஸும் இரத்தமும் கலந்த அந்த வாடை மட்டும் பிளேஸ்டோவில் என் வீடு வரை கோட்டில் ஒட்டிக்கொண்டு வந்தது.

உங்களுக்குச் சிரிப்பு வரலாம். சால்மனைக் காக்கும் சட்டம் எழுதுவதற்காகப் பல வருடம் சம்பளம் வாங்கியவன் நான். யாழ்ப்பாணத்தில் சிறுவயதில் நான் அறிந்த சால்மன் தகர ரின்னுக்குள் இருந்தது. அதுவும் பெயர்தான் சால்மன், உள்ளே வேறு மீன். இலண்டனில் சட்டம் படித்து, பல நாடுகளுக்குப் பொதுவான ஒரு சிறிய மீன்வள அலுவலகத்தில் சேர்ந்த பிறகுதான் உண்மையான மீனின் பாடு தெரிந்தது. ஆற்றில் பிறக்கிறது. கடலில் இறங்கி, பல நாடுகளின் நீரைக் கடந்து, வடக்கே குளிர்க்கடலில் இரை தின்று கொழுக்கிறது. முட்டையிடப் பிறந்த ஆற்றுக்கே திரும்புகிறது. கடற்சட்டம் அதன் முதல் பொறுப்பை ஆறு இருக்கும் நாட்டிடம் கொடுக்கிறது. எங்கள் கடலில் தின்றுதானே வளர்ந்தது, எங்களுக்குப் பங்கில்லையா என்று வடக்கு நாடுகள் கேட்கும். இந்த வழக்கைத் தீர்க்கத்தான் வருடந்தோறும் கூட்டம்.

கூட்ட அறை என்றால் ஈரக் கம்பளிக் கோட்டும் ஆறிய காப்பியும் நாறும். அங்கேதான் மாலதியைச் சந்தித்தேன். மதுரைக்காரர், ஆற்று நாடுகளின் தரப்பில் வந்த உயிரியலாளர். அவருடைய பையில் சிறிய காகித உறைகளில் மீன் செதில்கள் இருக்கும். லென்ஸை என் கையில் திணிப்பார்.

“இந்த நெருக்கமான கோடெல்லாம் ஆத்துல இருந்தப்போ. இங்க விரியுது பாருங்க, கடலுக்குப் போயிட்டா.” மீனை எப்போதும் ‘அவ’ என்றுதான் சொல்வார். “என்ன சார், செதில்லயும் கமா தேடுறீங்களா?”

வேல்ஸில் ஒரு சின்ன ஆற்றை அவர் கவனித்து வந்தார். அங்கே திரும்பும் மீன் குறைந்துகொண்டே போனது. கடலில் போடும் வலைக்கு எது எந்த ஆற்று மீன் என்று தெரியாது. நிறைய மீன் உள்ள ஆற்றின் கூட்டத்தோடு, அந்தச் சின்ன ஆற்றின் கடைசி மீனும் சேர்ந்து அகப்படும். ஆகவே ஒரு வாக்கியத்துக்காக மாலதி வாரம் முழுவதும் வாதாடினார்: கடலில் பிடிக்கும் அளவை, ஆகப் பலவீனமான ஆற்றின் நிலையைக் கொண்டே தீர்மானிக்க வேண்டும்.

அந்த வாக்கியம் இருந்தால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட மாட்டோம் என்றது வடக்குத் தரப்பு.

இப்படி முட்டிக்கொண்டால் எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியத்தை வெட்டமாட்டோம். விதிகளிலிருந்து எடுத்து முகவுரையில் வைப்போம். அங்கே அது மரியாதையாக இருக்கும், யாரையும் கட்டாது. எவருக்கும் முகம் கெடாது. நான் இதில் கெட்டிக்காரன். தேநீர் இடைவேளையில் பென்சிலால் அந்த வாக்கியத்திலிருந்து மேல்நோக்கி ஓர் அம்பு போட்டேன். மாலதி கண்டுவிட்டார்.

“சார், அங்க தள்ளினா செத்துடும் சார்.”

“சாகாது. அடுத்த வருசம் திருப்பிக் கீழ கொண்டுவரலாம். இப்ப கூட்டம் முறிஞ்சா ஒண்டும் மிஞ்சாது, மாலதி.”

“அடுத்த வருஷம் இவங்கல்லாம் வருவாங்க. அவ வருவாளா?”

கூட்டம் முறியாது என்று எனக்குத் தெரியும். இன்னும் ஒரு நாள் இழுத்திருந்தால் வடக்குத் தரப்பு இறங்கி வந்திருக்கும். அவர்களுடைய சட்டத்தரணியின் முகத்திலேயே அது தெரிந்தது. ஆனால் அன்று மாலை விம்பிள்டனில் ஒரு கல்யாண வரவேற்பு. பிந்திப் போக எனக்கு விருப்பமில்லை. காரணம் அவ்வளவுதான். களைத்திருந்த ஆற்றுத் தரப்புத் தலைவர்களும் என் யோசனையைப் பிடித்துக்கொண்டார்கள். கை தட்டினார்கள். நான் தலை வணங்கினேன்.

அடுத்த வருடம் வாக்கியம் கீழே வரவில்லை. அதற்கடுத்த வருடமும் வரவில்லை. பிறகு அதைப் பற்றிப் பேசுவதே நாகரிகமில்லை என்றாகிவிட்டது. கடல் சூடானதும், வளர்ப்புப் பண்ணைகளிலிருந்து பரவிய மீன்பேனும், ஆற்றில் கலந்த கழிவும் காரணம்தான். எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னால் என் பங்கு சிறுத்துப் போகும். பல வருடம் அப்படிச் சொல்லித்தான் தூங்கினேன்.

கடந்த நவம்பரில் மாலதி என்னை வேல்ஸில் அந்தச் சின்ன ஆற்றுக்குக் கூட்டிப் போனார். அவரும் ஓய்வு பெற்றுவிட்டார். குறுக்கணையில் மீன் துள்ளி ஏறும் காலம். முன்பெல்லாம் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு சனம் கரையில் நெருக்கியடித்து நிற்குமாம். நாங்கள் இரண்டு பேர் நின்றோம். மழை பெய்து ஆறு நிறைந்திருந்தது. மீன் ஏற வேண்டிய நீர்தான். நுரை மட்டும் விழுந்துகொண்டிருந்தது. மாலதி கார்ச் சாவியை எடுத்தார்.

“இன்னும் கொஞ்ச நேரம் நிண்டு பாப்பமே?” என்றேன்.

“எதை சார்?” என்றார்.